கூரை மேல நடக்கிறது யாரு? மரநாய் பத்தி உங்க கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல மரநாய் பத்தி, அதாவது ராத்திரியில மரத்துலயும் கூரையிலயும் சுத்துற, பார்க்க பூனை மாதிரி இருக்கிற அந்த மிருகத்தைப் பத்தி ஒரு சின்ன குறிப்பு வந்துச்சு இல்லையா, அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல "எப்படி விரட்டுறது"ன்னுதான் இருந்துச்சு, மீதி எல்லாம் நிஜமாவே இது என்ன உயிர், என்ன சாப்பிடும், எங்க தூங்கும்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டு கேட்டது. ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணா சேர்த்து எழுதியிருக்கேன்.

சீலிங் மேல ராத்திரி தடதடன்னு சத்தம் வருது. எலின்னு நினைச்சு பொறி, பசை அட்டை எல்லாம் வெச்சோம், எதுவும் மாட்டல. பக்கத்து வீட்டுப் பாட்டி இது மரநாய்தான்னு அடிச்சு சொல்றாங்க. எப்படி உறுதி பண்றது?

பாட்டி சொல்றது சரியா இருக்கத்தான் நிறைய வாய்ப்பு. எலி ஓடுற சத்தம் லேசா பிராண்டுற மாதிரி இருக்கும், கீச்சு கீச்சுன்னு வேற கேக்கும், ராத்திரி முழுக்க விட்டு விட்டு வந்துக்கிட்டே இருக்கும். மரநாய் அப்படி இல்ல, வளர்ந்தது ரெண்டு கிலோவுல இருந்து அஞ்சு கிலோ வரைக்கும் எடை இருக்கும், அதனால அது நடந்தா ஒவ்வொரு காலடியும் தனித்தனியா கேக்கும், மரத்துல இருந்து கூரைக்கு தாவினா தொப்புன்னு விழுற சத்தம் வரும். முக்கியமா நேரத்தை கவனிங்க. இருட்டி கொஞ்ச நேரத்துல கிளம்புற சத்தம், அப்புறம் பல மணி நேரம் ஒண்ணுமே இல்ல, விடியறதுக்கு முன்னாடி திரும்ப வர்ற சத்தம், இந்த வரிசையில கேட்டா பெரும்பாலும் மரநாய்தான்.

இன்னும் உறுதியா தெரியணும்னா காலையில மொட்டை மாடி கைப்பிடிச் சுவர், ஓட்டு மேல, மதில் மேல பாருங்க. விரல் தடிமன்ல நீளமா எச்சம் கிடக்கும், அதுக்குள்ள பழ விதைங்க உடையாம முழுசு முழுசா இருக்கும். எலிப் புழுக்கை அரிசி சைஸ்தான் இருக்கும், அதுல விதை எதுவும் முழுசா தெரியாது, அதனால குழப்பமே வராது. இந்த எச்சத்தை மறைவா போடாம எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி மேடான இடத்துல போடுறதும், அதே இடத்துல திரும்பத் திரும்ப போடுறதும் மரநாயோட பழக்கம்.

அந்த பசை அட்டையை மட்டும் இன்னிக்கே எடுத்துடுங்க, ப்ளீஸ். குட்டி ஏதாவது அதுல ஒட்டிக்கிட்டா தோலோட பிஞ்சு வரும், பார்க்க முடியாத சித்திரவதை அது. எலி விஷமும் வேண்டாம், விஷம் தின்ன எலியை மரநாய் புடிச்சு தின்னா அதுக்கும் ஏறும், ஆந்தைக்கும் ஏறும், எலியை குறைக்கிற உயிர்களை நாமளே கொன்னுட்டு அப்புறம் எலி ஜாஸ்தியாயிடுச்சுன்னு உக்காந்து புலம்ப வேண்டி வரும்.

கன்ஃபார்ம் ஆயிடுச்சு, மரநாய்தான். கொல்ல மனசு இல்ல, ஆனா தூக்கமும் இல்ல. எப்படி அனுப்புறது?

கொல்ல மனசு இல்லன்னு எழுதினீங்களே, அதுக்கே நன்றி. இந்தியாவுல 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட விலங்கு, அடிக்கவோ கூண்டு வெச்சு புடிக்கவோ வீட்ல வளர்க்கவோ கூடாது. சட்டத்தை விடுங்க, புடிச்சு தூரமா கொண்டு போய் விடுறதுல பிரயோஜனமும் கிடையாது. பழக்கமில்லாத இடத்துல எங்க சாப்பாடு, எங்க ஒளிய இடம், எந்தப் பக்கம் நாய்னு எதுவும் தெரியாம அது திண்டாடும், இங்க உங்க கூரையில அந்த ஓட்டை அப்படியே இருக்கும், அடுத்த மரநாய் வந்து குடியேறும். ஆக ஆளை மாத்துறதுல அர்த்தமில்ல, வழியை அடைக்கிறதுதான் வேலை.

ஆனா அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதுலதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. உள்ள குட்டி இருக்கான்னு பாருங்க. பகல்ல மெல்லிசா பூனைக்குட்டி மாதிரி முனகல் கேட்டா அங்க தாயும் குட்டிகளும் இருக்குன்னு அர்த்தம். அப்போ ஓட்டையை அடைச்சா ஒண்ணு குட்டிங்க உள்ளயே பட்டினி கிடந்து சாகும், இல்ல தாய் வெளிய மாட்டிக்கிட்டு குட்டிக்கு போறதுக்காக ஓட்டை பிரிச்சு, மரத்தை கீறி ராத்திரி பூரா ரகளை பண்ணும், அதுவும் உங்களுக்குத்தான் கஷ்டம். குட்டிங்க ரெண்டு மாசம் வரைக்கும் பால் குடிக்கும், அப்புறம் அம்மா கூட வெளிய போக ஆரம்பிக்கும், அதுங்க எல்லாம் கிளம்பிப் போறவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. சில சமயம் சீலிங்குக்குள்ள பகல்ல ஒரு லைட்டு எரிய விட்டு பக்கத்துல ரேடியோ பாட விட்டாலே தாய்க்கு அந்த இடம் பிடிக்காம போய் ஒவ்வொரு குட்டியா வாயில கவ்வி வேற இடத்துக்கு மாத்திடும்.

குட்டி இல்லைன்னு நிச்சயமா தெரிஞ்சா, முதல்ல கூரையை தொடுற கிளைகளை வெட்டி விடுங்க, ஏன்னா பெரும்பாலும் அது வர்ற ரோடே அந்தக் கிளைதான். அப்புறம் சுவருக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, உடைஞ்ச ஓடு, பைப் போற சந்து எல்லாத்தையும் கண்டுபிடிச்சு ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை கம்பி வலையால அடைங்க. அந்த ஒண்ணு வழியா ராத்திரி அது வெளிய போனதுக்கப்புறம் அதையும் அடைச்சுடுங்க. பகல்ல அடைக்கவே கூடாது, அந்த நேரம் அது உள்ள தூங்கிட்டு இருக்கும். அடைச்ச பிறகும் உள்ளருந்து சத்தம் வந்தா யோசிக்காம திறந்து விட்டுட்டு மறுநாள் திரும்ப முயற்சி பண்ணுங்க. பினாயில், மிளகாய்ப் புகை, பட்டாசு எல்லாம் வேண்டவே வேண்டாம், பயந்து போன மிருகம் வெளிய ஓடாம இன்னும் உள்ள போய் ஒடுங்கிக்கும்.

பேருல நாய், பார்க்க பூனை, மூஞ்சி கீரி. எந்தக் குடும்பம் இது?

நாய் குடும்பம் இல்ல, பூனையும் இல்ல, விவெரிடேன்னு தனிக் குடும்பம், புனுகுப்பூனையும் அதே குடும்பம்தான். ஊன் உண்ணிகளை ரெண்டு பெரிய கிளையா பிரிப்பாங்க, நாய், கரடி எல்லாம் ஒரு பக்கம், பூனை, கீரி, கழுதைப்புலி எல்லாம் இன்னொரு பக்கம், மரநாய் இந்த ரெண்டாவது பக்கத்தைச் சேர்ந்தது.

அடையாளம் சொல்றேன். சாம்பல் கலந்த சொரசொரப்பான முடி, முதுகுல மூணு கருப்பு கோடு மங்கலா ஓடும், பக்கவாட்டுல புள்ளிங்க, கண்ணைச் சுத்தி முகமூடி கட்டின மாதிரி கருப்பு, காலும் கருப்பு, வால் கிட்டத்தட்ட உடம்பு நீளத்துக்கே இருக்கும், அதுல வளையம் இருக்காது. வால்ல வரிசையா கருப்பு வெள்ளை வளையம் தெரிஞ்சா, உடம்புல புள்ளி வரிசை தெளிவா இருந்தா, அது சின்ன புனுகுப்பூனை. அது தரையில சுத்துற ஆளு, மரநாய் மரத்துல சுத்துற ஆளு. கீரியை பெரும்பாலும் பகல்லதான் பார்ப்பீங்க.

தமிழ் பேசுறவங்க இருக்கிற பல நாடுகள்ல இது இருக்குங்கிறது எனக்கு ரொம்ப சந்தோஷம் தர்ற விஷயம். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லா இடத்துல இருந்தும் கேள்வி வந்ததுக்கு அதான் காரணம். சிங்கப்பூர்ல சிக்லாப் பக்கத்து வீட்டுக் கூரைகள்ல இது குடியிருக்கிறதை ஆய்வாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. மலேசியா, சிங்கப்பூர் பக்கம் இருக்கிறதை மரபணு வெச்சு தனி இனமா பிரிக்கணும்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு, பழக்கவழக்கம் பெருசா மாறாது. இலங்கையில மட்டும், உலகத்துல வேற எங்கயும் இல்லாத பொன்னிற மரநாயும் சேர்ந்து இருக்கு, அங்க உள்ளவங்க குடுத்து வெச்சவங்க.

பகல்ல எங்க போயிடுது? அமாவாசை சமயத்துலதான் அதிகமா வருதுன்னு என் கணவர் சொல்றார், உண்மையா?

உங்க வீட்டுக்காரர் நல்லா கவனிச்சிருக்கார். நேபாளத்துல சித்வான் தேசியப் பூங்காவுல மரநாய்ங்களுக்கு ரேடியோ காலர் மாட்டி ராத்திரி ராத்திரியா பின்தொடர்ந்தாங்க, அதோட முடிவுகள் 1995ல வெளிவந்துச்சு. நிலா வெளிச்சம் நல்லா இருக்கிற ராத்திரிகள்ல அதுங்க நடமாட்டத்தை குறைச்சுக்குதுன்னு அதுல தெரிய வந்துச்சு. காரணம் சுலபமா புரியும், வெளிச்சத்துல சிறுத்தை கண்ணுல பட்டுடுவோம்ங்கிற பயம். சிறுத்தையே இல்லாத ஊர்லயும் அந்தப் பயம் ரத்தத்துல இருக்கும் போல. மத்தபடி பொழுது சாஞ்சதுல இருந்து விடிகாலை நாலு மணி வரைக்கும்தான் அதுங்க வேலை நேரம்.

பகல்ல உயரமான மரம், அதுலயும் கொடி படர்ந்து அடர்த்தியா இருக்கிற கிளைக்கவை, மரப்பொந்து, பாறை இடுக்கு இப்படி எங்கயாவது சுருண்டு தூங்கும். பக்கத்துலயே ஒரு மரம் பழுத்து நின்னா அது தீர்ற வரைக்கும் நாள் கணக்கா ஒரே இடத்துல தங்கும், தீர்ந்ததும் இடம் மாறிடும். பெரிய பழைய மரங்களை வெட்டிட்டோம், பொந்து எல்லாம் போச்சு, அப்போ அது கண்ணுக்கு உங்க சீலிங் ஒரு நல்ல பெரிய பொந்து, இருட்டா, காஞ்சு, சூடா, நாய் வராத இடம். உங்க வீட்டைத் தேடி வந்து தொந்தரவு பண்ணணும்னு அதுக்கு ஒண்ணும் இல்ல, மரம் இருந்த வரைக்கும் அது மரத்துலதான் இருந்துச்சு.

தனியா வாழுற பிராணி இது. ரெண்டு மூணு சேர்ந்து பார்த்தீங்கன்னா தாயும் குட்டியும், இல்ல ஜோடி சேர்ற சமயம், இல்லைன்னா ஒரே பழ மரத்துக்கு வந்து சேர்ந்ததுங்க.

மாமிச உண்ணி வகையில சேர்த்திருக்காங்க, ஆனா எங்க பப்பாளியை மிச்சம் வெக்க மாட்டேங்குது. மாமிசமா சைவமா?

நான் ரொம்ப ஆசையா பதில் எழுதுற கேள்வி இது. பல்லும் வம்சமும் ஊன் உண்ணி, வயித்துக்கு போறது பெரும்பாலும் பழம். ஆலம்பழம், அத்தி, நாவல், ஈச்சம்பழம், சப்போட்டா, வாழை, பப்பாளி, காபிப் பழம் எல்லாம் தின்னும், கூடவே எலி, பல்லி, ஓணான், நத்தை, வண்டு, முட்டை, கிடைச்சா சின்னப் பறவை. பனை, தென்னைப் பூவுல வடியுற பதநீர், கள்ளு எதையும் விடாது, அதனாலதான் கள்ளுண்ணின்னு ஒரு பேரே இதுக்கு உண்டு.

பழுத்த பழமா பார்த்துதான் எடுக்கும். காயை கடிச்சு வீணாக்கி போடுறது பெரும்பாலும் அணிலோ வேற ஏதாவதோதான், பழி மட்டும் மரநாய் மேல விழுது. பழத்தை கடிச்சு முழுங்கும்போது விதையை மென்னு தூளாக்காது, சதை மட்டும் வயித்துல செரிச்சு விதை அப்படியே முழுசா வெளிய வரும். முழுங்கின இடத்துல இருந்து கழிக்கிற இடம் தூரமா இருக்கும், ஆக தாய் மரத்து நிழல்ல விழுந்து முளைக்க முடியாம வீணாப் போக வேண்டிய விதை எங்கயோ புது இடத்துக்கு போயிடுது. பறவைங்க, வௌவால்ங்க கூட இதைச் செய்யுதே, இதுல மரநாய்க்கு என்ன தனி பெருமைன்னு கேப்பீங்க. பெரிய விதைகளை சின்னப் பறவைங்களால முழுங்க முடியாது, மரநாயால முடியும், அது முதல் விஷயம். ரெண்டாவது, மலேசியாவுல சபா மாநிலத்துல தாபின் காட்டுல ஜப்பான் ஆய்வாளர்கள் பார்த்தப்போ, அங்க இருக்கிற மரநாய்ங்க எச்சம் போட தேர்ந்தெடுக்கிற இடம் எல்லாம் மரம் சாஞ்சு விழுந்து உண்டான வெட்டவெளி, மழைத்தண்ணி ஓடுற தடம், பழைய பாதை இப்படி வெளிச்சம் படுற இடமாவே இருந்துச்சாம். வெளிச்சம் தேவைப்படுற விதைக்கு அதை விட நல்ல இடம் யாரு குடுப்பா சொல்லுங்க.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான இன்னொரு இனம் இருக்கு, பழுப்பு மரநாய், வேற எங்கயும் கிடையாது. களக்காடு முண்டந்துறை காட்டுல திவ்யா முத்தப்பா அதைப் பத்தி வருஷக்கணக்கா ஆய்வு பண்ணி, அதோட சாப்பாடு கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மழைக்காட்டுப் பழங்கள்தான்னு காட்டினாங்க. ஊன் உண்ணி வம்சத்துல வந்த ஒரு மிருகம் ராத்திரி பூரா மழைக்காட்டுக்கு விதை தூவிக்கிட்டு இருக்கு. ஒரு காடு வெட்டுப்பட்டு திரும்ப வளரணும்னா நர்சரியில இருந்து நாம கொண்டு போய் நடுற கன்னு எத்தனை, இதுங்க சம்பளம் இல்லாம நட்டுட்டுப் போறது எத்தனைன்னு யோசிச்சுப் பாருங்க.

உங்க பப்பாளிக்கு வழி என்னன்னா, கிட்டத்தட்ட பழுக்கிற நிலையில இருக்கிற காயை சாயங்காலமே பறிச்சு உள்ள வெச்சுடுங்க, இல்ல சாக்கு கட்டி விடுங்க. தண்டுல வழுக்குற தகடு சுத்தி ஆணி அடிக்காம கம்பியால கட்டினாலும் ஏற முடியாது, பக்கத்து மரத்துல இருந்து தாவ வழி இருக்கக்கூடாது அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டு பழம் போனா போகட்டும்னு விட்டா இன்னும் நல்லது, இது என் ஆசை.

எங்க கோழிகளை இதுதான் தூக்குதா?

தூக்கும், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா காட்டுப்பூனை, கீரி, நாய், பாம்பு, மலைப்பாம்பு எல்லாம் தூக்கும், ஒரு இறகைப் பார்த்து மரநாய்தான்னு முடிவு பண்ண முடியாது. கூண்டு ராத்திரி மூடியிருக்கணும், மேல்பக்கமும் மூடியிருக்கணும், ஏன்னா இது மேல இருந்து இறங்குற ஆளு, வலைக்கண் சின்னதா இருக்கணும், அடியில தோண்ட முடியாம கல்லு வெச்சிருக்கணும். கோழி போனதும் கண்ணி வெக்கிறது, கரண்ட் கம்பி போடுறது ரொம்ப கொடுமை, அதுல மனுஷனும் மாட்டி செத்திருக்கான். கூண்டை சரி பண்ண ஆகுற செலவு ஒரு தடவைதான்.

வீட்டை இடிச்சு கட்டும்போது மூணு குட்டிங்க கிடைச்சுது, கண்ணு கூட திறக்கல. தாயைக் காணோம். பால் குடுத்துக்கிட்டு இருக்கோம். வளர்க்கலாமா?

இந்தக் கடுதாசி வந்த அன்னிக்கே தனியா பதில் அனுப்பிட்டோம், மத்தவங்களுக்கும் உதவும்னு இங்க போடுறேன்.

தாயைக் காணோம்னா தாய் விட்டுட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. பகல் வெளிச்சத்துல கடப்பாரை சத்தம், இத்தனை மனுஷங்க, அது எப்படி கிட்ட வரும்? பக்கத்துல ஏதோ ஒரு மரத்துல உக்காந்து பொழுது போகட்டும்னு காத்துக்கிட்டு இருக்கும். அதனால முதல் வேலை, வேலையை நிறுத்துங்க. கையில துணியோ கையுறையோ போட்டுக்கிட்டு குட்டிகளை ஒரு அட்டைப் பெட்டியில பழைய துணி விரிச்சு வைங்க, தாய் உள்ள எட்டி கவ்வி எடுக்கிற அளவு உயரம்தான் பெட்டி இருக்கணும். கிடைச்ச இடத்துக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அங்க, நாய், எறும்பு எட்டாத மாதிரி கொஞ்சம் மேடான இடத்துல வெச்சுட்டு, லைட்டை எல்லாம் அணைச்சுட்டு, எல்லாரும் அந்தப் பக்கம் போகாம இருங்க. ராத்திரி வந்து ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போக நிறைய வாய்ப்பு இருக்கு. மனுஷ வாசனை பட்டா தாய் சேர்த்துக்காதுங்கிற பேச்சை நம்பாதீங்க.

மாட்டுப்பால் குடுக்காதீங்க. இதுங்க வயிறு அதை தாங்காது, பேதியாகி ரெண்டு நாள்ல உடம்புல தண்ணி வத்திப் போயிடும். சொட்டு மருந்து மாதிரி வாயில ஊத்தினா நுரையீரலுக்குள்ள போய் அதுலயே செத்துடுது, அன்பா செய்யுற கையாலயே குட்டி போறது இப்படித்தான். சூடு குறையாம வெச்சுக்கிட்டு, மறுநாளும் தாய் வரலைன்னா வனத்துறைக்கோ வன உயிர் மீட்புக்குழுவுக்கோ சொல்லி ஒப்படைச்சுடுங்க.

வளர்க்கலாமான்னு கேட்டதுக்கு, வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பிரசவத்துல ரெண்டுல இருந்து அஞ்சு குட்டி வரைக்கும் போடும், கிட்டத்தட்ட ஒரு வயசுல பெருசாயிடும், கூண்டுல இருபது வருஷத்துக்கு மேல கூட உயிரோட இருக்கும். குட்டியா இருக்கும்போது தோள்ல ஏறி விளையாடும், பெருசானதும் ராத்திரி முழுக்க முழிச்சு சுத்தணும், வாசனை தடவணும், எல்லை வகுக்கணும், இதெல்லாம் அதோட இயல்பு. உங்களால கூண்டுலதான் அடைக்க முடியும். எந்தக் கிளையில போனா எந்த மரம், நாய் குரைச்சா எங்க ஏறணும்னு தாய் கூட சுத்தி கத்துக்க வேண்டிய நாள்ல அது உங்க சோபாவுல இருக்கும், அப்புறம் வெளிய விட்டாலும் பிழைக்காது.

எங்க மாடிப்படிகிட்ட ராத்திரி அரிசி வேகுற மாதிரி ஒரு வாசனை. மரநாய்தான் காரணம்னு சொல்றாங்களே?

ஆமா, இருக்கலாம். ஆண், பெண் ரெண்டுக்கும் வாலுக்கு அடியில வாசனைச் சுரப்பி உண்டு, அந்தப் பகுதியை கிளையில, சுவர்ல தேய்ச்சு இழுத்துக்கிட்டு போகும். அந்த வாசனையை வெச்சே போனது ஆணா பெண்ணா, தெரிஞ்ச ஆளா புது ஆளான்னு இன்னொரு மரநாய் கண்டுபிடிச்சுடும். ரம்பை இலை (பாண்டான் இலை) மாதிரி வாசனைன்னு மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் எழுதியிருந்தாங்க. இதே குடும்பத்துல பின்டுராங்னு ஒரு பெரிய சொந்தக்காரர் இருக்கார், அதோட சிறுநீர்ல 2-அசிட்டைல்-1-பைரோலின்ங்கிற பொருள் இருக்குன்னு 2016ல ஆய்வு வந்துச்சு, வாசனை அரிசியிலயும் ரம்பை இலையிலயும் இருக்கிறது அதே பொருள்தான். ரொம்ப மிரட்டினா மட்டும் பின்பக்கத்துல இருந்து நாத்தமா ஒண்ணை பீச்சும், அது வேற.

ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தச் சுரப்பி விதைப்பை மாதிரியே புடைச்சு தெரியும். அதைப் பார்த்துதான் 1777ல பல்லாஸ்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி இதுக்கு இருபால் உயிர்னு அர்த்தம் வர்ற அறிவியல் பேர் வெச்சுட்டார். ஆண் வேற பெண் வேறதான், சந்தேகம் வேண்டாம்.

மரநாய் எச்சத்துல இருந்து எடுக்கிற காபி உலகத்துலயே விலை அதிகமாமே, குடிக்கலாமா?

சுத்தம் பண்ணி வறுத்துதான் விக்கிறாங்க, உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. நான் வேண்டாம்னு சொல்றது வேற காரணத்துக்கு. ஜாவா, சுமத்ரா தோட்டங்கள்ல காட்டு மரநாய் இஷ்டத்துக்கு நல்ல பழமா தின்னுட்டு போட்டுட்டுப் போனதை பொறுக்கி எடுத்தது ஒரு காலம். விலை ஏறினதும் காட்டுல இருந்து புடிச்சு கம்பிக் கூண்டுல அடைச்சு காபிப் பழத்தையே திணிக்க ஆரம்பிச்சாங்க. பாலி தீவுல 16 தோட்டங்கள்ல கூண்டுல இருந்த ஐம்பது கிட்ட மரநாய்ங்களை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வேர்ல்ட் அனிமல் ப்ரொடெக்‌ஷன் அமைப்பும் சேர்ந்து பார்த்து 2016ல எழுதினாங்க, ஒரு தோட்டம் கூட அடிப்படை வசதி குடுக்கல. நிக்கிற இடமே கம்பி வலை, ஒளிய இடமில்ல, சுத்திலும் சுற்றுலாக்காரங்க கேமரா, ராத்திரி ராத்திரி மரம் மரமா சுத்துற உயிர் அங்க நின்ன இடத்துலயே சுத்திச் சுத்தி வருது. காட்டுல பொறுக்கினதுன்னு பாக்கெட்ல எழுதியிருந்தாலும் அதை சோதிச்சு உறுதி பண்ண நம்மகிட்ட வழி இல்ல. வாங்காதீங்க.

சார்ஸ் நோய் இதுகிட்ட இருந்துதான் வந்ததுன்னு வாட்ஸப்ல சுத்துது. வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, பயமா இருக்கு.

2003ல சீனாவோட குவாங்டாங் சந்தைகள்ல கூண்டுல அடைச்சு வித்த முகமூடி மரநாய்ங்ககிட்ட அந்த வைரஸைக் கண்டுபிடிச்சாங்க, அது வேற இனம், நம்ம கூரையில இருக்கிறது இல்ல. 2004 ஜனவரியில அங்க ஆயிரக்கணக்குல அதுங்களை கொன்னாங்க. அடுத்த வருஷமே அந்த வைரஸ் குடும்பத்தோட மூலம் லாட வௌவால்கள்ட்ட இருக்குன்னு தெரிய வந்துச்சு, மரநாய் நடுவுல மாட்டின உயிர், அதுவும் மனுஷன் கூண்டுல பலவித மிருகத்தை ஒண்ணா அடைச்சதால. கூரை மேல தூங்குற ஒரு மரநாயால உங்க குழந்தைக்கு சார்ஸ் வராது.

கவனமா இருக்க வேண்டியது ரேபிஸ். எந்தப் பாலூட்டி கடிச்சாலும், அது மரநாயா இருந்தாலும் தெருநாயா இருந்தாலும், ஓடுற தண்ணியில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு போய் ஊசி போட்டுக்கணும். அதுவா வந்து கடிக்காது, புடிக்கப் போறவங்களைத்தான் கடிக்கும். எச்சத்தை அள்ளும்போது தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, கையுறை போட்டு அள்ளுங்க.

அக்கா, நான் எட்டாவது படிக்கிறேன். எங்க வீட்டு பக்கத்து ஆலமரத்துல மரநாய் வருதுன்னு தாத்தா சொல்றாரு. நான் பார்க்கணும், எப்படி?

கண்ணு, ஆலமரம் பழுத்திருக்கிற சமயம்தான் உனக்கு லக். முதல்ல பகல்ல தாத்தா கூட போய் அடியில பாரு, கடிச்ச பழம், விதை எச்சம், தண்டுல நகக்கீறல் ஏதாவது இருக்கான்னு. இருந்துச்சுன்னா நிலா இல்லாத ராத்திரியா பார்த்து, இருட்டினதுல இருந்து ஒரு ரெண்டு மணி நேரம், பெரியவங்க யாராவது கூட இருக்கணும், மொட்டை மாடியோ ஜன்னலோ கொஞ்சம் தூரமான இடத்துல சத்தம் போடாம உக்காரு. டார்ச் மேல சிவப்பு கண்ணாடித்தாள் ஒட்டிக்கோ, வெள்ளை வெளிச்சம் அது கண்ணை கூச வெச்சு அன்னிக்கு பட்டினி போட்டுடும். அதோட கண்ணுக்குப் பின்னாடி வெளிச்சத்தை திருப்பி அனுப்புற ஒரு படலம் இருக்கு, அதனால இலைக்கு நடுவுல ரெண்டு கண்ணு பளிச்சுன்னு முதல்ல தெரியும், அப்புறம்தான் உடம்பு தெரியும். லைட்டை அதுமேல ரொம்ப நேரம் வெக்காதே.

ஒரு நோட்டு போட்டுக்கோ. தேதி, நேரம், நிலா இருந்துச்சா, எந்தக் கிளை வழியா வந்துச்சு, என்ன தின்னுச்சுன்னு எழுது. ஒரு வேலை இன்னும் இருக்கு, கையுறை போட்டு எச்சத்துல இருக்கிற விதையை கொஞ்சம் எடுத்து கழுவி ஒரு தொட்டியில போட்டு வை, பக்கத்துத் தொட்டியில மரத்துல இருந்து நேரா பறிச்ச பழத்தோட விதையைப் போடு, ரெண்டுக்கும் ஒரே அளவு தண்ணி ஊத்து. ஆலம் விதை ரொம்ப பொடிசு, அதனால மண்ணுக்கு மேலயே தூவினா போதும், வெயில் நேரா படாம பார்த்துக்கோ. எது முன்னாடி முளைக்குதுன்னு எங்களுக்கு எழுதி அனுப்பு.